ஆவுடையப்பனுக்கு வளைகாப்பு

வாத்து கொத்திய காயத்திற்கு ஒரு குறியீடு உண்டு. அதே வாத்து மறுமுறை கொத்தினால் அதற்கு வேறொரு குறியீடு உண்டு. கொத்தியது வாத்துதானா, வாத்தின் இனத்தைச் சேர்ந்த வேறொரு பறவையா என்பதை எழுத மருத்துவர் மறந்திருந்தால், அந்த மறதிக்கென்றே மூன்றாவது ஒன்றும் உண்டு. எழுபத்தோராயிரம் குறியீடுகள் கொண்ட அந்நூலை முப்பது ஆண்டுகளாகப் புரட்டிவந்த உலகம்மாளுக்கு, மனிதர்க்கு நேரக்கூடியவற்றுள் அதில் விடுபட்டது எதுவுமில்லை என்னும் உறுதி இருந்தது. அவ்வுறுதி ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் குலைந்தது.

பாளையங்கோட்டையில், பேருந்து நிலையத்திற்கு எதிரே மூன்றாம் மாடியில் இருந்தது அந்தக் குறியீட்டு அலுவலகம். மாவட்டத்து மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்த்து எழுதும் குறிப்புகள் அனைத்தும் அங்கே வந்து சேரும். ஒவ்வொரு குறிப்பையும் படித்து, அதற்குரிய குறியீட்டைத் தேர்ந்து, ஒப்பமிடுவது உலகம்மாளின் வேலை. ஒப்பமிட்ட மறுகணமே அக்குறியீடு நோயாளியின் குருதியை எட்டிவிடும். ஏனெனில், இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே அரசு ஒவ்வொருவர் உடலிலும் காப்பணுக்களைச் செலுத்தியிருந்தது. கண்ணுக்குப் புலப்படாத அச்சிற்றெந்திரங்கள் கட்டியைக் கரைக்கும், அடைப்பை நீக்கும், காய்ச்சலைத் தணிக்கும். ஆனால், அவை தமிழ் அறியா, ஆங்கிலமும் அறியா. அறிந்தவை குறியீடுகள் மட்டுமே.

மருத்துவர்களுக்குத் தமிழ் தெரியுமா என்பதும் ஐயத்திற்குரியதே. ஆறாம் வகுப்பு மாணவன் எழுதினால் அடிக்கோடிட்டுத் திருப்பித் தரத்தக்க வாக்கியங்களை, பட்டம் பல பெற்றவர்கள் கூசாமல் எழுதி அனுப்பினர். “நெஞ்சு வலி. மூன்று நாள். மனைவி கவலை” என்று ஒருவர் எழுதுவார். மனைவிக்குக் கவலையா, மனைவியே கவலையா என்று உலகம்மாள் தலையைப் பிடித்துக்கொள்வாள். ஊகித்து நிரப்பவும் அவளுக்கு உரிமை கிடையாது. எழுதப்படாதது நடக்கவில்லை என்பது அத்தொழிலின் முதல் விதி.

அன்று வந்த குறிப்பு கல்லிடைக்குறிச்சி மருத்துவர் ஜெபமணியுடையது.

“ஆண். 66. ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர். பன்னிரண்டு நாளாகத் தூக்கம் நாலு மணி நேரம். பசி இல்லை. நாடி 104. முற்றத்தில் ஒற்றைக்காலில் தாவல். இரண்டு குரலில் தனக்குத்தானே சண்டை. தோற்றால் சிரிப்பு. மகள் அழைத்துவந்தார்.”

அதன் கீழே எந்திரத்தின் பரிந்துரை மின்னியது: பித்துக்கிளர்ச்சி, முதன்முறை. உறுதி, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. அதை ஏற்கவோ மாற்றவோ உலகம்மாளுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. நான்கு மணிக்குள் அவள் ஒன்றும் செய்யாவிட்டால் எந்திரத்தின் சொல்லே நிற்கும்.

“என்னக்கா, அந்த ஒரு குறிப்பையே கண்ணுல ஒத்திக்கிட்டு இருக்கீக?” என்றான் பக்கத்து இருக்கைப் பொன்னுலிங்கம். நாற்பது வயதும், நாற்பது பேருக்குப் போதுமான வாயும் உடையவன்.

“பொன்னு, கிறுக்குப் புடிச்சவன் தனக்குத்தானே சண்டை போடுவான், சரி. தோத்தா சிரிப்பானாடே?”

“செயிச்சாலும் அவன்தான், தோத்தாலும் அவன்தான். சிரிக்காம என்ன செய்வான்? எந்திரம் தொண்ணூத்தெட்டுங்கு. அமுக்கிட்டு அடுத்ததப் பாருங்க.”

“அமுக்கினா என்ன ஆவும் தெரியும்லா?”

“தெரியாமலா? காப்பணு மூளைக்குப் போயி கிளர்ச்சிய நீக்கிரும். மனுசன் எட்டு மணி நேரம் தூங்குவாரு. தட்டுல வச்சதத் தின்பாரு. எங்க மாமாவுக்கும் அதான் செஞ்சாவ. நல்லாத்தான் இருக்காரு. என்ன, அஞ்சு வருசமா ஒரே நாற்காலியில இருக்காரு.”

“எந்திரம் சொன்னத நீக்கிட்டு, குறியீடே போடாம விட்டா?”

“நாடி நூத்தி நாலு அக்கா! டாக்டர் குறிப்பு ஏறின பொறவு, குறியீடு இல்லாத படபடப்பக் காப்பணு சும்மா விடுமா? தானாவே தணிச்சிரும். எந்தப் பக்கம் போனாலும் அந்த மனுசனுக்கு நாற்காலிதான்.”

உலகம்மாள் தொலைபேசியை எடுத்தாள்.

ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் கேட்கலாம் என்று விதி இடம் தந்தது. ஆனால், விடையைத் தனக்குள் வைத்திருக்கும் வினாவைக் கேட்கக்கூடாது. ‘காரணம் இதுவா?’ என்று கேட்பது குற்றம், ‘காரணம் என்ன?’ என்று கேட்பது முறை. அவள் மருத்துவருக்கு எடுத்துக்கொடுக்கிறாளா என்று எந்திரம் ஒட்டுக்கேட்கும். கொடுத்தால் தொலைபேசியில் சிவப்பு விளக்கு எரியும். மூன்று முறை எரிந்தால் இணைப்பு அறுந்துவிடும்.

“ஏம்மா உலகம்மா, வெளிய அறுவது பேரு நிக்காவ. சீக்கிரம் சொல்லு.”

“ஒரு நடத்துநர் வந்தாருல்லா டாக்டர், அவரு எதனால தாவுதாரு?”

“காலாலதான்.”

“அதில்ல டாக்டர். காரணம் என்ன?”

“காரணம் தெரிஞ்சா எழுதியிருக்க மாட்டேனா?”

“அவரு ஒருவேளை எதையாச்சும் புதுசா...”

விளக்கு எரிந்தது. உலகம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“நீ என்ன நெனைக்கியோ அத நேராச் சொல்லித் தொலையேன்!”

“அதச் சொல்லக்கூடாது டாக்டர்.”

“பொறவு எதுக்குக் கூப்பிட்ட?”

“நீங்களாச் சொல்லணும்னுதான்.”

“எனக்கே தெரியாததையா?”

“தெரியாதத, தெரிஞ்சவருட்ட கேட்டா...”

இரண்டாம் முறையும் எரிந்தது. அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பொன்னுலிங்கம் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு அருகே வந்துவிட்டான். மறுமுனையில் நீண்ட பெருமூச்சு கேட்டது. இருபது ஆண்டுகளாக அவளுடைய கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகிய ஜெபமணிக்கு, அவள் பேசாமல் இருந்தால் அதற்குப் பொருள் உண்டு என்பது தெரியும்.

“நர்சம்மா! அந்தக் கண்டக்டர் போயிட்டாரா? மருந்து வரிசையிலயா? கூப்பிடு அவர!” என்று அவர் கத்துவது கேட்டது. பிறகு, “வேய் ஆவுடையப்பன், எதுக்கு வே ஒத்தக்கால்ல தாவுதீரு?”

“விளையாட்டுங்க ஐயா,” என்றது ஒரு கரகரத்த குரல். “முழுசா வரல. பாதிதான் வந்திருக்கு.”

“என்ன விளையாட்டு?”

“நெரிசலு.”

“அப்படின்னா?”

“ஐயா மறந்திருப்பீய. இப்ப எத்தன சீட்டோ அத்தன பேருதான் வண்டியில ஏறுதான். அப்பம் அப்படியா? பாவநாசம் வண்டியில முப்பத்தோரு வருசம் நின்னேன். நூத்திப்பத்து பேரு இருப்பாவ. பின்வாசல்ல ஏறி முன்வாசலுக்கு வாரதுக்குள்ள நாலு ஸ்டாப்பு தாண்டிரும். அதான் ஆட்டம். பத்துப் பேரு கோட்டுக்குள்ள கூட்டமா நிக்கணும். ஒருத்தன் பின்னால ஏறி, ஒத்தக்கால்ல முன்னால போவணும். யாரு மேலயும் படக்கூடாது. விசில் அடிச்சா கூட்டம் ஒரு தடவ சாயலாம். முற்றத்துல வேற ஆளு இல்லயா, ரெண்டு கட்சிக்கும் நானே ஆடிப் பாக்கேன். அதான் சண்ட.”

“தோத்தா எதுக்குச் சிரிப்பு?”

“நான் போட்ட விதியே என்னைய மாட்டிவிடுது ஐயா! சிரிப்பு வராதா?”

பேனாவை மேசைமேல் வைக்கும் ஓசை கேட்டது. பிறகு மருத்துவர், “செஞ்சு காட்டும் பாப்போம்,” என்றார்.

அடுத்த பதினோரு நிமிடங்கள் உலகம்மாளின் காதில் விழுந்தவை இவை: நாற்காலிகள் இழுபடும் ஓசை; ஒரு விசில்; “சாயி, சாயி!” என்னும் கூச்சல், “பட்டுட்டு! இவரு பட்டுட்டாரு! முழங்கை!” என்று குற்றஞ்சாட்டும் ஒரு பெண்குரல், “அது கை இல்ல, துண்டு! துண்டு பட்டா கணக்கு உண்டா?” என்று வழக்காடும் மற்றொரு குரல், பிறகு சிரிப்பு. வரிசையில் நின்ற வயிற்றுவலிக்காரரும் காதுவலிக்காரரும் சேர்ந்து சிரித்த அச்சிரிப்பைக் கேட்டுப் பொன்னுலிங்கமும் காரணம் புரியாமல் சிரித்தான்.

“உலகம்மா!” மருத்துவருக்கு மூச்சு வாங்கியது. “மூணாவது ஆளத் தாண்டிட்டேன். நாலாவதுல ஒரு அம்மா வேணும்னே சாஞ்சிட்டா. இரு, எழுதி அனுப்புதேன்.”

அவர் எழுதினார். வாழ்நாளில் முதன்முறையாக, எழுவாயும் பயனிலையும் உரிய இடத்தில் நிற்க எழுதினார்: “நோயாளியின் உள்ளத்தில், இதுவரை உலகில் இல்லாத ஒரு விளையாட்டு உருவாகிக்கொண்டிருக்கிறது. அது முற்றுப்பெறும்வரை அவருடைய உறக்கமின்மையையும் படபடப்பையும் தணிக்கக்கூடாது.”

உலகம்மாள் அதை இருமுறை படித்தாள். குற்றமற்ற வாக்கியங்கள். ஆனால், அவற்றுக்கு ஏற்ற குறியீடு எங்கே? நூலை அதிகாரம் அதிகாரமாகத் தேடினாள். ஒவ்வோர் அதிகாரமும் காப்பணுக்களுக்கு ஒரு கட்டளையைத் தாங்கியிருந்தது. நீக்கு. கரை. தணி. அடை. கொல். ஆக்கத்தின் அறிகுறிகளும் நோயின் அறிகுறிகளும் ஒன்றேபோல் இருக்கக்கூடும் என்று அந்நூலைத் தொகுத்த பேரறிஞர்களுள் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. மணி மூன்று ஐம்பது ஆயிற்று.

“ஒரே ஒரு அதிகாரத்துலதான் ‘பேணு’ன்னு இருக்கு, பொன்னு.”

“எதுல?”

அவள் திரையைச் சுட்டினாள். பொன்னுலிங்கம் எழுந்தே நின்றுவிட்டான்.

“அக்கா! அது கர்ப்பம்!”

“நாடி கூடினாலும் காப்பணு தொடாது. தூக்கம் கெட்டாலும் தொடாது. வெளிய வாரவரைக்கும் பாதுகாக்கும். வேற எதுல இப்படி இருக்கு, சொல்லு.”

“முப்பது வருசத்துல தணிக்கையில ஒரு பிழை வாங்குனதில்ல நீங்க. இந்த அதிகாரத்துல தெரிஞ்சே ஒண்ணு தப்பாப் போட்டா உங்க ஒப்பத்தயே புடுங்கிருவானுவ!”

“அவருக்குள்ள இருக்க ஆட்டம் போனா, அது மட்டும் திரும்பிக் கிடைக்குமா?”

அவள் அழுத்தினாள். ஆணெனப் பதிவானோரும் கருவுறலாம் என்பதைச் சட்டம் ஏற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தமையால் எந்திரம் மறுக்கவில்லை. அறுபத்தாறு வயது உறுதிதானா என்று மட்டும் கேட்டது. உறுதி என்றாள். எத்தனையாவது கருப்பம்? முதலாவது. நாள்? பன்னிரண்டு. இரட்டையா? அதில் மட்டும் அவள் சற்றுத் தயங்கினாள். இரண்டு குரல் என்றல்லவா எழுதியிருந்தது? ‘தெரியவில்லை’ என்பதற்கும் குறியீடு இருந்தது. பரிந்துரையை மாற்றினால் வேண்டப்படும் மருத்துவரின் ஒப்பம் மூன்று ஐம்பத்தெட்டுக்கு வந்தது. அதனுடன், “நாளைக்கு வாலிபர் சங்கத்துப் பயலுவளோட ஆடுதோம்” என்னும் தேவையற்ற செய்தியும் வந்தது.

குறியீடு என்பது காப்பணுக்களோடு நின்றுவிடுவதன்று. அரசின் எல்லாத் துறைகளும் அதைப் படிக்கும். மறுவாரமே செவிலி ஒருவர் இரும்புச்சத்து மாத்திரையும் பேரீச்சம்பழமும் கொண்டு ஆவுடையப்பன் வீட்டுக் கதவைத் தட்டினார். பேருந்தில் அவருக்கு முன்னிருக்கை ஒதுக்கப்பட்டது. பளு தூக்கக்கூடாது என்று நியாயவிலைக் கடைக்காரர் அரிசியை வீட்டிலேயே கொண்டு இறக்கினார். அவருடைய மகள் செண்பகம் மருத்துவமனைக்கே போய்ச் சண்டையிட்டதை, ஜெபமணி தொலைபேசியில் இரு குரலிலும் நடித்துக் காட்டினார்.

“எங்கப்பாவுக்கு மசக்கை இருக்கான்னு வீட்டுக்கு வந்து கேக்காவ டாக்டர்! தெருவுல தல காட்ட முடியல!”

“புளிசாதம் கேட்டாரா?”

“கேட்டாரு.”

“பொறவு என்ன?”

ஏழாம் மாதம், அம்பாசமுத்திரத்துத் திருமண மண்டபத்தில் அரசு நடத்திய சமுதாய வளைகாப்புக்கு அறுபது கருவுற்ற பெண்களுடன் அறுபத்தோராவதாக ஆவுடையப்பனும் அழைக்கப்பட்டார். உலகம்மாள், முப்பது ஆண்டுகளில் முதன்முறையாக, உடல்நலம் சரியில்லை என்று பொய்யெழுதி விடுப்பெடுத்துக்கொண்டு அங்கே சென்றாள். அந்தப் பொய்க்கும் ஒரு குறியீடு உண்டு என்பது வழியெல்லாம் அவளை உறுத்தியது.

மேடையில், வெள்ளை வேட்டியும் நெற்றி நிறையச் சந்தனமுமாக அவர் அமர்ந்திருந்தார். ஒட்டடைக் குச்சிபோன்ற உடம்பு. முழங்கைவரை கண்ணாடி வளையல்கள். தலைகுனிந்திருந்தவள் அவருடைய மகள் ஒருத்திதான்; மற்ற அனைவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தனர். ஐந்து வகைச் சோறு பரிமாறி முடிந்ததும் அவர் எழுந்தார். இடுப்பிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்தார். மண்டபத்துத் தரையில் நீண்ட கோடு கிழித்தார்.

“தாயிமாரே, ஆறேழு பேரு வந்து நில்லுங்க. சும்மா நின்னாப் போதும். தாவுறது நான்தான்.”

ஆறேழு பேர் அல்லர். இருபது பேர் வந்து நின்றனர். இருபது வயிறுகள் இருபது திசையில் நீண்டிருந்த அந்நெரிசலைப்போல் ஒன்றைப் பாவநாசம் வண்டியும் கண்டிராது. ஆவுடையப்பன் வளையல் குலுங்க ஒற்றைக்காலில் ஏறினார். முதுகை வளைத்து ஒரு வயிற்றைத் தவிர்த்தார். மூச்சை இழுத்து மற்றொன்றைத் தவிர்த்தார். விசில் ஒலித்தது. இருபது பேரும் ஒருசேரச் சாய்ந்தனர்.

“ஏ தாத்தா, வளையலு பட்டுட்டு!”

“வளையலு பட்டா கணக்கில்லட்டி!”

“யாரு சொன்னா?”

“இப்பம் சொல்லுதேன்!”

“நெனைச்ச நேரம் விதி போடுதாரே! வயித்துல இருக்க பிள்ளைக்கே பொறுக்கல, மிதிக்குது பாரும்!” என்றாள் ஒருத்தி. செவிலிகள் ஓடிவந்து தடுக்க முயன்று, தாமும் கோட்டுக்குள் மாட்டிக்கொண்டனர். செண்பகம் முகத்தை மூடியிருந்த கையின் விரல்களை விரித்துப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, “எப்பா, இடது பக்கம் காலியா இருக்கு!” என்று கத்தினாள்.

ஆட்டம் ஓய்ந்தபின், வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அருகே உலகம்மாள் போய் நின்றாள். தான் யார் என்று சொல்லும் உரிமை அவளுக்கு இல்லை.

“இன்னும் வரலையா அண்ணாச்சி?” என்றாள்.

“எல்லாம் வந்துட்டு தாயி. முடிவுதான் வரல. இந்த ஆட்டம் எப்படி முடியும்? முன்வாசலுக்குப் போனவன் இறங்கிச் சுத்தி வந்து திரும்பவும் ஏறுதான். சோறு வெந்துட்டுன்னு கூப்பிட்டாத்தான் கலையுதாவ. முடிவில்லாதது விளையாட்டாவுமா?” அவர் குரலைத் தாழ்த்தினார். “எனக்குக் கர்ப்பம்னு போட்டது யாரோ தெரியாது. நல்லாயிருக்கட்டும். ஒண்ணு யோசிச்சுப் பாத்தியா? இந்த இருவது வருசத்துல புதுசா ஒரு ஆட்டம் வந்துச்சா? ஒரு பாட்டு? ஒரு கெட்ட வார்த்தையாச்சும் புதுசா வந்துச்சா? எல்லாம் பழசு. தூக்கம் கெட்டவன எல்லாம் தூங்க வச்சுட்டாவ.”

உலகம்மாள் பேருந்தில் திரும்பிய வழியெல்லாம் புதிதாக ஒரு வசைச்சொல்லை நினைவுகூர முயன்றாள். ஒன்றும் அகப்படவில்லை.

பத்தாம் மாதம் பிறந்தது, கடந்தது. பேறு நிகழவில்லை. கோப்பில் பேற்றின் விளைவு என்னும் கட்டம் வெறுமையாக இருந்தமையால் எந்திரம் தலைநகருக்கு முறையிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, தணிக்கை அதிகாரி வைஜயந்தி வந்து உலகம்மாளின் எதிரே அமர்ந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. இஸ்திரி கலையாத புடவை. கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பார்வை.

“இந்தக் குறியீட்டைப் போட்டது நீங்கதானே?”

“நான்தான் மேடம்.”

“அறுபத்தாறு வயசு ஆளுக்குப் பத்து மாசம் தாண்டியும் பிரசவம் ஆகலை. இன்னிக்கு நாலு மணிக்குள்ள விளைவைப் பதியலைன்னா இது பொய்க் குறியீடுன்னு ரத்தாகும். பழைய பரிந்துரை தானா அமலுக்கு வந்துடும். உங்க ஒப்பமும் போயிடும். புரியுதா?”

“புரியுது மேடம். ஒரு தடவ ஆளப் பாத்துட்டு எழுதுங்க.”

“குறிப்பைத்தான் நான் பார்க்கணும். ஆளைப் பார்க்க விதியில்லை.”

“பாக்கக்கூடாதுன்னு விதி இருக்கா மேடம்?”

வைஜயந்தி சற்று யோசித்தார். விதி இல்லை. விதியில்லாத இடத்தில் என்ன செய்வது என்று தெரியாமையால், அவர் உலகம்மாளையும் அழைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

கல்லிடைக்குறிச்சி மருத்துவமனை முற்றத்தில் ஆட்டம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. மருந்தாளுநர், நோயாளிகள், தபால்காரர், செண்பகம் என முப்பது பேருக்குக் குறையாத கூட்டம். ஆவுடையப்பன் சுவரோரம் நின்று விசில் ஊதினார், கண்கள் குழிவிழுந்திருந்தன. எஞ்சியிருப்பது ஆறு மணி நேரம் என்பது அவருக்கும் சொல்லப்பட்டிருந்தது.

ஜெபமணி அப்போது கோட்டுக்குள் தாவிக்கொண்டிருந்தார். பத்து மாதப் பயிற்சியில் அவர் தேறியிருந்தார். எவர்மேலும் படாமல் முன்வாசலை எட்டினார். எட்டியதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

“டாக்டரே, இறங்கிச் சுத்தி வாங்க! அடுத்த ஆளு ஏறணும்லா?”

“போங்கடே! எறங்க மாட்டேன். மூச்சு வாங்குது. இங்கனயே நிக்கேன்.”

விசில் ஆவுடையப்பனின் வாயிலிருந்து விழுந்தது.

“எறங்க வேண்டாம்!” என்று அவர் அலறினார். “ஐயா, எறங்காதீய! யாரும் எறங்கக்கூடாது! கடந்தவன் உள்ளயே நிக்கட்டும்! பட்டவன்தான் வெளிய!”

அதற்குப்பின் நடந்ததை விரித்துரைக்க உரைநடை போதாது. கடந்தவர் உள்ளே நிற்க நிற்கக் கூட்டம் அடர்ந்தது. அடர அடரக் கடப்பது அரிதாயிற்று. தபால்காரர் நான்கு முறை வெளியேறி ஐந்தாம் முறை வென்றார். மருந்தாளுநர் தம் தொப்பையைத் தாமே திட்டிக்கொண்டு கடந்தார். ஒரு மணிக்குச் சோறு வெந்துவிட்டதென்று யாரோ அழைத்தார், ஒருவரும் திரும்பவில்லை. இரண்டு மணிக்கு வெளியே எஞ்சியிருந்தவர்கள் மூவர்: ஆவுடையப்பன், உலகம்மாள், வைஜயந்தி.

உலகம்மாள் புடவையை இழுத்துச் செருகினாள். ஐம்பத்துநான்கு வயதில் ஒற்றைக்காலில் தாவுவது எவ்வளவு கடினமோ அவ்வளவு கடினமாக இருந்தது. எவ்வளவு இன்பமோ அவ்வளவு இன்பமாகவும் இருந்தது. நாடி எகிறியதை அவளே உணர்ந்தாள். மூன்று முறை பட்டாள். நான்காம் முறை போய்ச் சேர்ந்தாள்.

“மேடம், இனி நீங்கதான்,” என்றார் ஆவுடையப்பன்.

“நான் எதுக்கு? நான் ஆட்டத்திலேயே இல்லை.”

“வெளிய ஒருத்தர் நின்னா வண்டி எப்படிக் கிளம்பும்?”

“கால் வைக்கக்கூட இடமில்லையே! யார் மேலயும் படாம எப்படிப் போறது?”

ஆவுடையப்பன் திகைத்தார். அதுதான் பத்து மாதமாக அவரை உறங்கவிடாத முடிச்சு. கோட்டைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பளபளக்கும் செருப்புடன் வெயிலில் நின்ற அதிகாரியைப் பார்த்தார். மெல்ல அவர் முகம் மலர்ந்தது.

“கடைசி ஆளு கடக்க வேண்டாம்! கடைசி ஆளுக்கு உள்ள இருக்கவன் இடம் குடுக்கணும்! கோட்டத் தாண்டாம, எல்லாரும் ஒடுங்கி, இடம் குடுத்துட்டா ஆட்டம் முடிஞ்சு! எல்லாரும் செயிச்சாச்சு! ஏ, ஒடுங்குங்கடே! உள்ள போ, உள்ள போ!”

முப்பது பேரும் ஒடுங்கினர். வயிறுகள் உள்ளிழுக்கப்பட்டன. தோள்கள் குறுகின. பின்வாசலில் ஒரு சாண் இடம் பிறந்தது, இருசாண் ஆயிற்று. வைஜயந்தி இருபுறமும் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். ஏறினார். அவர் பின்னால் ஆவுடையப்பன் படியில் தொற்றிக்கொள்வதுபோல் ஒரு பாதத்தை வைத்து, கை உயர்த்தி, முப்பத்தோராண்டுப் பழக்கம் தொண்டையில் முழங்க, “போலாம், ரைட்!” என்றார்.

கூட்டம் மொத்தமும் ஒருமுறை குலுங்கியது. பிறகு, வரைந்த கோடுகள் அத்தனையும் அழியும்படி, சிரித்துக்கொண்டே சரிந்தது. அதிகாரியின் கண்ணாடி எங்கோ போய்விட்டது. அதைத் தேட, அவர் முதலில் சிரித்து முடிக்க வேண்டியிருந்தது.

ஆவுடையப்பன் மருத்துவமனை விசிப்பலகையில் போய்ப் படுத்தவர், படுத்தபடியே உறங்கிப்போனார். ஜெபமணி அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். எழுபத்திரண்டு. எந்தக் காப்பணுவும் அதைத் தணிக்கவில்லை. அது தானே இறங்கியிருந்தது.

“சுகப்பிரசவம்னு எழுதுதேன்,” என்றார் அவர்.

“எத்தனை?” என்றார் வைஜயந்தி, கைக்கணினியைத் திறந்து.

“ஒண்ணு.”

“எடை?”

“தெரியவில்லைன்னு போடுங்க மேடம், குறியீடு இருக்கு,” என்றாள் உலகம்மாள்.

மூன்றரைக்கு அவர்கள் பாளையங்கோட்டை திரும்பினர். வைஜயந்தி கோப்பை முடித்து ஒப்பமிட்டார். உலகம்மாளின் முப்பதாண்டுப் பதிவில் பிழை இல்லை என்றும் எழுதினார். பொன்னுலிங்கம் மிட்டாய் வாங்கிவரப் புறப்பட்டான். ஆனால், அதிகாரி எழவில்லை.

“இதுல பிழை இல்லை. சரி. மற்றதுலயும் பிழை இல்லையா?” என்று அவர் தமக்குத்தாமே கேட்பதுபோல் கேட்டார். “பித்துக்கிளர்ச்சி, முதன்முறை. காரணம் எழுதப்படலை. இருபத்திரண்டு வருஷத்துல இந்த அலுவலகத்துல எத்தனைன்னு எடுங்க.”

உலகம்மாள் எடுத்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு. கோப்பில் பெயர் இராது. எண் மட்டுமே இருக்கும். ஆனால், கீழிருந்த ஒப்பத்தை அவள் அறிவாள். அதை முப்பதாண்டுகளாக அவளே போட்டுவந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டும் விதிப்படி. முந்நூற்றுப் பன்னிரண்டும் ஒரு பிழையின்றி. அவற்றுள் எத்தனை நோய், எத்தனை நோயன்று என்பது இப்போது எவருக்கும் தெரியாது. அன்று அவள் ஒருவரிடமும் காரணம் கேட்டிருக்கவில்லை.

அவள் முதற்கோப்பைத் திறந்தாள். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முந்தையது. “பெண். 29. சுரண்டை. தையல் வேலை. தூக்கமில்லை. துணியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துச் சிரிப்பு. கணவர் அழைத்துவந்தார்.”

“இட்ட கட்டளையைத் திரும்பப் பெறலாம்,” என்றார் வைஜயந்தி. “விதியில இருக்கு. இதுவரை யாரும் கேட்டதில்லை.”

“அந்தம்மாவக் கேக்காம எடுத்தோம். கேக்காமலே திருப்பிக் குடுக்கலாமா மேடம்?”

நோயாளியுடன் குறியீட்டாளர் பேசுவதற்கு விதியில்லை. வைஜயந்தி கோப்பெண்ணுக்குரிய தொலைபேசி எண்ணைத் தம் கைக்கணினியில் தேடி அழுத்தி, தொலைபேசியை அவள் பக்கம் நகர்த்தினார்.

மணி ஏழெட்டு முறை அடித்தபின் எடுக்கப்பட்டது. ஒரு பெண்ணின் குரல். மேடும் பள்ளமும் இல்லாத, நிரவிவிட்டதுபோன்ற குரல்.

“யாரு?”

“கோடிங் ஆபீசுலேர்ந்து பேசுதேன்மா. பத்தொம்பது வருசத்துக்கு முன்னால உங்களுக்கு ஒரு நோய் இருந்துச்சுன்னு எடுத்துட்டோம். அது நோயா இல்லையான்னு இப்பம் எங்களுக்குச் சந்தேகமா இருக்கு. திரும்ப வேணும்னா குடுத்திரலாம்.”

“என்ன நோய்?”

“சரியாத் தெரியலம்மா. துணியப் பாத்துச் சிரிச்சிருக்கீய. ராத்திரி தூங்கல.”

மறுமுனையில் ஏதோ கொதிக்கும் ஓசை மட்டும் கேட்டது. உலகம்மாள் காத்திருந்தாள். எடுத்துக்கொடுக்க அவள் வாய் துடித்தது. ஆனாலும் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

“எவ்வளவு நேரம் ஆவும்?” என்றது அக்குரல், கடைசியாக.

“உடனேதாம்மா.”

“ஒரு நிமிசம் இருங்க. அடுப்புல குழம்பு கிடக்கு. எறக்கி வச்சிட்டு வந்திருதேன்.”